ஹராரேயின் ஈஸ்ட்கேட் முறை சென்னை அலுவலகக் கட்டடத்துக்குப் பொருந்துமா?

கேள்வி:
வணக்கம். நான் கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி. பழைய மாமல்லபுரம் சாலையில் ஆறு தள அலுவலகம் ஒன்றை ஆய்வுத் திட்டமாக வடிவமைத்து வருகிறேன். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் சென்டர், கறையான் புற்றை முன்மாதிரியாகக் கொண்டு, வழக்கமான ஏசி இல்லாமலேயே குளிர்ச்சியாக இருப்பதாகப் படித்தேன். அதன் புகைபோக்கி அமைப்பை அப்படியே இங்கும் பயன்படுத்தலாமா?

பதில் 1:
அப்படியே என்றால் இயலாது. ஈஸ்ட்கேட்டின் குளிர்ச்சி இரவில் சேமிக்கப்படுவது. இரவு முழுவதும் மின்விசிறிகள் வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை உள்ளீடற்ற தளங்களின் வழியே செலுத்த, பகலில் வாங்கிய வெப்பத்தைக் காங்கிரீட் இழந்துவிடுகிறது. மறுநாள் அதே காங்கிரீட்டைத் தொட்டு மெதுவாக வரும் காற்று அறைகளைக் குளிர்வித்து, மனிதர்களாலும் விளக்குகளாலும் சூடேறி, மேலெழுந்து, 48 புகைபோக்கிகள் வழியாக வெளியேறுகிறது. ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவுகள் நன்றாகக் குளிர்கின்றன. சென்னையிலோ மே மாத இரவிலும் வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. போதாக்குறைக்கு, உள்ளே வரும் காற்றுடன் கடலோர ஈரப்பதமும் சேர்ந்தே வரும்.

கறையான் புற்றைப் பற்றியும் அறிக்கையில் கவனமாக எழுதுங்கள். புற்றின் முதன்மையான வேலை காற்றுப் பரிமாற்றமே, வெப்பநிலையைச் சீராக வைப்பதன்று எனப் பிந்தைய ஆய்வுகள் கருதுகின்றன.

பதில் 2:
மேலே சொன்னது சரி; ஆனாலும் ஈஸ்ட்கேட்டை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டாம். எல்லோரும் புகைபோக்கிகளையே பார்க்கிறார்கள், வெளிச்சுவரைப் பார்ப்பதில்லை. அங்கே சன்னல்களின் பரப்பு மிகக் குறைவு. நீண்டு வெளியே நிற்கும் காங்கிரீட் விளிம்புகள் நேர்வெயிலைத் தடுக்கின்றன. மேற்கு வெயிலுக்கு முழுக் கண்ணாடிச் சுவரைக் காட்டிவிட்டு, உள்ளே புகுந்த வெப்பத்தை ஏசியால் வெளியேற்றும் நம் சாலையோரக் கட்டடங்களுக்கு இந்தப் பாடம்தான் மிகவும் தேவை.

பியர்ஸே தம் முறையை எங்கும் ஒரே மாதிரி பயன்படுத்தவில்லை. மெல்பர்ன் மாநகராட்சிக்காக அவர் பங்கேற்று வடிவமைத்து 2006-இல் திறக்கப்பட்ட சிஎச்2 கட்டடத்தின் மேற்குப் பக்கத்தில், பழைய மரத்தை மறுபயன்பாடு செய்து அமைத்த அடைப்புப் பலகைகள் வெயிலுக்கேற்பத் திரும்புகின்றன. கூரைப் பலகங்களில் குளிர்நீர் ஓடுகிறது.

உங்கள் மனையில் கட்டடத்தின் நீண்ட பக்கங்களை வடக்கு, தெற்காக வைத்து, படிக்கட்டு, மின்தூக்கி, கழிப்பறைகளை மேற்கே ஒதுக்குங்கள். கோடையில் சில மாதங்கள் வடக்கிலிருந்தும் வெயில் விழும் என்பதால் அந்தப் பக்கத்துக்கும் நிழல் தேவை. மொட்டைமாடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளமும் வெள்ளைத் தட்டோடும் போட்டால் மேல்தளத்தின் சூடு தணியும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டிசம்பர், ஜனவரி இரவுகளுக்காக மட்டும் அந்தக் காற்றோட்ட அமைப்பை வைக்கலாமா?

பதில் 1:
அந்தச் சில வாரங்களுக்குத் திறக்கக்கூடிய சன்னல்களே போதும். உள்ளீடற்ற தளங்களுக்கு ஆகும் செலவு திரும்பாது. மனையை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டென்றால் மேட்டுநிலத்தில் இருக்கும் ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் இரவுக் குளிர்ச்சியை நம்பிக் கணக்குப் போடலாம்.