ஜெர்மனியில் பி.எச்டி, அப்புறம் கம்பெனி: புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

ஜெர்மனிக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் பி.எச்டி செய்ய வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, ரிசர்ச்சிலிருந்து கம்பெனிக்கு எப்போது மாறுவது, எப்படி மாறுவது?" தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் இங்கே பி.எச்டி முடித்து, கொஞ்ச காலம் போஸ்ட்டாக்காக (பி.எச்டிக்குப் பின் செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலை) இருந்துவிட்டு, இப்போது ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருக்கிறேன். சொல்வதெல்லாம் ஜெர்மனிக்கு மட்டும்தான். பக்கத்து நாடுகளின் சட்டம் வேறு.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குப் போகும் வேலை தீசிஸ் கொடுத்த பிறகு ஆரம்பிப்பதில்லை. பி.எச்டிக்குச் சேரும்போது எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஸ்காலர்ஷிப்பில் வந்தால் நீங்கள் ஊழியர் இல்லை. உங்கள் பெயரில் வேலையின்மை காப்பீடும் பென்ஷனும் கட்டப்படுவதில்லை. பல்கலைக்கழக ஊழியராகச் சேர்ந்தால் இரண்டும் சம்பளத்திலிருந்து போகும். மாதாமாதம் பிடித்தம் பார்த்து வயிறு எரியும்தான். ஆனால் காண்ட்ராக்ட் முடிந்து வேலை தேடும் நாட்களில் அந்தப் பிடித்தம்தான் வாடகை கட்டும். கடைசி 30 மாதத்தில் 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் வேலையின்மை உதவித்தொகை கிடைக்கும். கையில் வாங்கிய சம்பளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம். இரண்டு வழியும் உங்கள் முன்னால் இருந்தால், தொகை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் ஊழியர் காண்ட்ராக்ட்டையே கேளுங்கள்.

அடுத்தது விசா. நிறையப் பேர் பி.எச்டி மாணவர்தானே என்று மாணவர் அனுமதியிலேயே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் தவிர்க்கக்கூடியது. கம்ப்யூட்டர் சயன்ஸில் முழுநேரப் பணியிடம் கிடைப்பது இங்கே வழக்கம். டி.வி.எல். ஈ13 என்கிற சம்பள அட்டவணைப்படி, 2025 பிப்ரவரி முதல் ஆரம்பப் படியே மாதம் 4,600 யூரோவைத் தாண்டுகிறது. வருடத்துக்கு 55,000 யூரோவுக்கு மேல். ப்ளூ கார்டு என்பது படித்த வெளிநாட்டினர் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வேலை செய்யத் தரும் குடியிருப்பு அனுமதி. 2025-இல் அதற்கான சம்பள வரம்பு 48,300 யூரோ. ஐ.டி. வேலைக்கும், புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் 43,759.80. ஆக முழுநேர பி.எச்டி வேலையில் இருக்கும்போதே ப்ளூ கார்டு கேட்கலாம். முழுநேரத்தில் 65 சதவீத நேரத்துக்கு மட்டும் வேலை என்றால் அந்த வரம்பு எட்டாது. அப்போது ஆராய்ச்சியாளர் அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். வரம்பு வருடா வருடம் மாறும், விண்ணப்பிக்கும் வருடத்தின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிரந்தரக் குடியிருப்பு அனுமதி. ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை செய்து பென்ஷன் கட்டியிருந்தால், அடிப்படை ஜெர்மனோடு அதற்கு விண்ணப்பிக்கலாம். பி1, அதாவது நடுத்தர நிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதமே போதும். தீசிஸ் எழுதும் காலத்திலேயே அது கையில் வந்துவிட்டால், கம்பெனிகளோடு பேசும்போது உங்கள் குரலே மாறிவிடும். ப்ரொபேஷன் காலத்தில், அதாவது வழக்கமாக முதல் 6 மாதத்தில், 2 வார நோட்டீஸில் வேலையை விட்டு அனுப்பலாம் என்பது இங்கே சட்டம். நிரந்தர அனுமதி இருக்கிறவர் அந்த 6 மாதமும் நிம்மதியாகத் தூங்குவார்.

அது வருமுன் காண்ட்ராக்ட் முடிகிறதா? ப்ளூ கார்டும் சீக்கிரமே முடிந்துவிடும். சின்ன காண்ட்ராக்ட் என்றால் அதன் காலத்தோடு 3 மாதம் சேர்த்துத்தான் கார்டு தருவார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி உண்டு, ஆனால் வெளிநாட்டினர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பல ஊர்களில் பெரும்பாடு. முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில், காண்ட்ராக்ட் முடிய 3 மாதம் இருக்கும்போதே "வேலை தேடுகிறேன்" என்று பதிவு செய்ய வேண்டும். தாமதித்தால் வேலையின்மை உதவித்தொகையில் ஒரு வாரத் தொகை போகும். ப்ரொஃபஸர் "நீட்டிப்பு வந்துவிடும்" என்று சொன்னாலும் பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தற்காலிக ஆராய்ச்சி வேலைகளுக்கென்று 2007-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. பி.எச்டிக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம் என்று அது வரம்பு போடுகிறது. இதை எதிர்த்து 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் "நான்தான் ஹன்னா" என்ற பெயரில் இணையத்தில் பெரிய குரலே எழுப்பினார்கள். ப்ரொஃபஸர் பதவிக்குக் கீழே நிரந்தர இடங்கள் குறைவு என்பதுதான் அவர்களின் அடிப்படைக் குறை. போஸ்ட்டாக் செய்யலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி பிடித்திருந்து, ப்ரொஃபஸர் ஆகவேண்டும் என்ற ஆசை இருந்தால் செய்யுங்கள். வேறு வேலை தேடச் சோம்பலாக இருக்கிறது, குழு பழகிவிட்டது என்பதற்காகச் செய்யாதீர்கள். நடுவழியாக ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனங்களைப் பலர் சொல்வார்கள். எம்.பி.3 உருவானதில் எர்லாங்கனில் உள்ள ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தொழில் நிறுவனங்களுக்காகவே வேலை செய்யும் இடம், கற்றுக்கொள்ள அருமையானது. ஆனால் அங்கேயும் தற்காலிக காண்ட்ராக்ட் இதே சட்டத்தில் வந்தால் அதே 6 வருடக் கணக்குதான்.

சரி, இனி கோட் விஷயம். எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

கிறிஸ் லாட்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது 2000-இல் எல்.எல்.வி.எம். என்ற கம்பைலர் (எழுதிய கோடைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) திட்டத்தைத் தொடங்கினார். 2003-இல் அதைப் பொதுவில் வெளியிட்டார்கள். 2005-இல் பி.எச்டி முடித்ததும் ஆப்பிளில் சேர்ந்தார், அதே திட்டம் அங்கே வளர்ந்து இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. எல்லோரும் லாட்னர் ஆக முடியாது, தேவையுமில்லை. கவனிக்க வேண்டியது, தீசிஸ் கோட் தீசிஸ் முடிவதற்கு முன்பே மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருந்தது என்பதை. நம்மில் பலருடைய கோட் நம் லேப்டாப்பில், நம் ஃபோல்டர் பெயர்களோடு, நமக்கு மட்டும்தான் ஓடும். பக்கத்து சீட்டில் இருப்பவர் உங்கள் உதவியில்லாமலே அதை இன்ஸ்டால் செய்து ஓட்ட முடிகிறதா என்று ஒரு நாள் பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த பேப்பருக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். டெஸ்ட் எழுதுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது தானாக ஓடும்படி வையுங்கள், ஒரு லைசென்ஸ் போடுங்கள். லைசென்ஸுக்கு முன் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள்.

இன்டர்வியூவில் இதன் பலன் தெரியும். நான் இப்போது மறுபக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். பி.எச்டிக்காரர்கள் தங்கள் மாடலின் புதுமையைப் பற்றி மிக நன்றாகப் பேசுவார்கள். "ரிசல்ட் சரி என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? தவறான டேட்டா வந்தால் என்ன ஆகும்? உங்களைத் தவிர யார் ஓட்டினார்கள்?" என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். பதில் அவர்களிடம் இல்லாமல் இல்லை. க்ளஸ்டரில் மூன்று நாள் ஓடிய ஜாப் பாதியில் செத்துப்போய், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றி எழுதியிருப்பார்கள். அழுக்கு டேட்டாவோடு மாதக்கணக்கில் போராடியிருப்பார்கள். அது பேப்பரில் வராததால் சொல்லத் தகுந்தது என்றே நினைப்பதில்லை. அதுதான் சொல்லத் தகுந்தது. சி.வி.யில் பேப்பர் பட்டியலைச் சுருக்கிவிட்டு, இந்த வேலைகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சம்பளம் கேட்கும்போது வருடத்துக்கு, வரிக்கு முந்தைய தொகையாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் வருட இறுதி போனஸையும் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இது எல்லாவற்றையும் விடக் கனமான ஒன்று வீட்டிலிருந்து வரும். "இவ்வளவு படித்துவிட்டுக் கடைசியில் கம்பெனி வேலைதானா?" ஊரில் அம்மா அப்பா கேட்பது அன்பில்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு வருடம் கூடுதலாக போஸ்ட்டாக் செய்தவர்களை எனக்குத் தெரியும். வேலை என்ன என்பதை அவர்களுக்குப் புரியும்படி ஒரு முறை உட்கார்ந்து சொல்லுங்கள். என் அப்பாவுக்கு நான் செய்யும் வேலையைப் படம் வரைந்து காட்டினேன், அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

கமெண்டில் கேட்டவர்களுக்கு:

"ஜெர்மன் இல்லாமல் முடியுமா அக்கா?" பெர்லின், மியூனிக்கில் ஆங்கிலத்திலேயே நடக்கும் டீம்கள் நிறைய உண்டு. ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கு ஜெர்மன் வேண்டும், அங்கே போட்டியும் குறைவு. பல்கலைக்கழக வகுப்புகள் மலிவு, பி.எச்டி காலத்திலேயே பி1 முடியுங்கள். கம்பெனியில் சேர்ந்தபின் மாலையில் வகுப்புக்குப் போவது கஷ்டம்.

"விபிஎல் என்று ஒரு காகிதம் வந்திருக்கிறது, என்ன செய்ய?" அது அரசுத் துறையின் கூடுதல் பென்ஷன். சாதாரணத் திட்டத்தில் 60 மாதம் சேர்ந்தால்தான் உரிமை வரும். உங்கள் காண்ட்ராக்ட் அதை விடச் சின்னது, முன்பு அதில் இருந்ததுமில்லை என்றால், வேலையில் சேர்ந்த 2 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து அந்தக் காத்திருப்பு இல்லாத திட்டத்துக்கு மாறலாம். தேதியைப் பாருங்கள், தம்பி.

"ப்ரொஃபஸரிடம் எப்போது சொல்வது?" கம்பெனி காண்ட்ராக்ட்டில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டபின் சொல்லுங்கள். அதற்கு முன் நோட்டீஸ் கொடுக்காதீர்கள். நீங்களாக வேலையை விட்டால் வேலையின்மை உதவித்தொகை 12 வாரம் நிறுத்தப்படலாம். சொல்லும்போதே மீதமுள்ள பேப்பரை யார் எழுதுவது, கோட் யார் கையில் போவது என்று ஒரு திட்டத்தோடு போங்கள். கூடவே அனுபவச் சான்றிதழ் கேளுங்கள், அது உங்கள் சட்ட உரிமை. பல குழுக்களில் வரைவை நீங்களே எழுதித் தரச் சொல்வார்கள். அந்தச் சான்றிதழுக்கென்று தனி மொழி ஒன்று உண்டு, "திருப்தியாக வேலை செய்தார்" என்று மட்டும் இருந்தால் சுமார் மதிப்பெண் என்று அர்த்தம். ஜெர்மன் நண்பர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துக்குக் கொடுங்கள்.