பொதுத் திறவுகோல் எதைத் திறக்கிறது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் அடிப்படைக் கையேட்டில், வழங்கியை (சர்வரை) நிறுவி முடித்தபின் வீட்டிலிருந்தே எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு முறை வழியாக அதற்குள் நுழைவதைச் சொல்லும் இயல், ஓர் இணைச் சொல்லுக்காக இன்னும் அச்சுக்குப் போகாமல் நிற்கிறது. ‘பப்ளிக் கீ’, ‘பிரைவேட் கீ’ என்பவற்றுக்கு இதுவரை எழுதிவந்த ‘பொதுத் திறவுகோல்’, ‘தனித் திறவுகோல்’ ஆகியவற்றை மாற்றியாக வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் லாஸ்பேட்டை வகுப்பில் கிடைத்தது. கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டுத் திறவுகோல் நுழைவுக்கு மாறும் பாடத்தின்போது, பாகூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் தனித் திறவுகோலைக் கொண்டுபோய், வகுப்பு முழுவதும் பயன்படுத்தும் வழங்கியில், எவரும் படிக்கக்கூடிய அடைவில் வைத்துவிட்டார். கேட்டதற்கு, “பொதுத் திறவுகோல் என்றால் எல்லாக் கதவையும் திறக்கும் என்று நினைத்தேன் சார், அதை வெளியே விடப் பயமாக இருந்தது, மற்றதை வைத்தேன்” என்றார். அவர்மீது குற்றம் சொல்ல முடியவில்லை. திறவுகோல் என்ற சொல்லுக்குள்ளேயே ‘திற’ இருக்கிறது. பொதுத் திறவுகோலோ எதையும் திறப்பதில்லை.

நுழைவின்போது நம் கணினி, அந்த அமர்வுக்கே உரிய தரவின்மீது தனித் திறவுகோலால் ஒப்பமிட்டு அனுப்புகிறது. வழங்கி, தன்னிடம் முன்பே பதிந்துவைத்த பொதுத் திறவுகோலைக் கொண்டு அவ்வொப்பத்தைச் சரிபார்க்கிறது. தனித் திறவுகோல் வலையில் பயணம் செய்வதே இல்லை. 1995இல் தம் ஹெல்சின்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைக் கண்டுதான் தாத்து யூலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அதுவரை புழங்கிய டெல்நெட் என்ற தொலைநுழைவு முறை, கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது.

விழுப்புரத்து நண்பர் சென்ற வாரம் ‘பூட்டு, சாவி’ என்று சொன்னார். எளிமைதான், ஆனால் வழங்கியும் தன்னை மெய்ப்பிக்கத் தனக்கென ஓர் இணை வைத்திருக்கிறது, அந்த இடத்தில் பூட்டுவதற்கு எதுவுமில்லை. வங்கியில் மாதிரிக் கையொப்பம் கொடுத்துவைப்பதைப் போன்றது இது. ஆகவே விரலைவிட்டு நீங்காத ‘கணையாழி’ என்று ஒன்றையும், வழங்கியில் கொடுத்துவைக்கும் ‘மாதிரி முத்திரை’ என்று மற்றதையும் அழைக்கலாம் என முன்மொழிகிறேன்.

மறுமொழி: கடலூர் முதுநகரிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா,

‘கணையாழி’ அழகான சொல்தான். ஆனால் தமிழர் நினைவில் கணையாழி என்பது அனுமன் கையில் கொடுத்தனுப்பப்பட்டுக் கடல் தாண்டிய பொருள். எதை எவரிடமும் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வருகிறோமோ, அதற்கே அந்தப் பெயரை வைத்தால் மாணவர்கள் முதல் வேலையாக இலங்கைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மற்றொன்றும் உண்டு. கட்டளைகள், கோப்புப் பெயர்கள், பிழைச் செய்திகள் எல்லாவற்றிலும் ‘கீ’ என்றே வரும். கையேட்டில் முத்திரை என்று படித்தவர், முனையத்தில் தோன்றும் கீ வேறொன்று என்று நினைப்பார். எனவே ‘சாவி’யை விட வேண்டாம். அது போர்ச்சுக்கீசியச் சொல் என்று சில பெரியவர்கள் தடை சொல்வார்கள்; உண்மைதான், ‘சாவே’ என்பதிலிருந்து வந்தது. ஆனால் அலமாரியும் சன்னலும் அவ்வழி வந்தவையே, அவற்றை நாம் வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை.

பாகூர் மாணவர் இடறியது இவை எப்படி இயங்குகின்றன என்பதில் அன்று, எது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இயக்கத்தை வைத்துப் பெயரிடாமல் இருப்பிடத்தை வைத்துப் பெயரிடலாம்: நம் கையிலேயே இருப்பது ‘கைச்சாவி’, நுழைய விரும்பும் இடத்தில் பதிவது ‘பதிசாவி’. பின்னது ஊறுகாய் போல வினைத்தொகை. பதிந்த, பதிகின்ற, பதியும் சாவி என முக்காலத்துக்கும் பொருந்தும், ஆதலால் இடையில் ஒற்று மிகாது.

மறுமொழி: புதுச்சேரியிலிருந்து

அன்புள்ள அம்மையீர்,

கணையாழியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் இணையை வழங்கியின் பக்கம் வைத்துச் சோதித்துப் பார்த்தேன், அங்கும் நிற்கிறது. வழங்கியின் கைச்சாவி வழங்கியிலேயே இருக்கிறது. அதன் பதிசாவி, நாம் முதன்முறை இணையும்போது நம் கணினியில் உள்ள ‘நோன்_ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் பதிகிறது. அப்போது திரையில் தோன்றும் ரேகையை, அதாவது அப்பதிசாவியை அடையாளம் காட்டும் சிறு எழுத்துக்கோவையை, ஒப்பிட்டுப் பார்க்காமலே ‘யெஸ்’ என்று தட்டும் நம் பழக்கத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதவும் இது இடம் தருகிறது. பூட்டு என்ற உவமை தோற்ற இடமும் இதுதான்.

ஓர் ஐயம்: விரைந்து சொன்னால் ‘பாதிச்சாவி’ என்று காதில் விழுகிறது. விழட்டும், இணையில் அது பாதிதானே.

இயலின் அந்தப் பகுதியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: “எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளை இரண்டு கோப்புகளை உருவாக்கும். பெயரின் கடைசியில் ‘.பப்’ என்றிருப்பது பதிசாவி. அதை மட்டும் வழங்கியில் உங்கள் கணக்கின் ‘ஆதரைஸ்டு_கீஸ்’ கோப்பில் சேருங்கள். வால் இல்லாதது கைச்சாவி. அதன் அனுமதியை 600 (உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) என்று வையுங்கள், பிறர் படிக்கும் நிலையில் இருந்தால் எஸ்எஸ்ஹெச்சே அதைப் பயன்படுத்த மறுத்துவிடும்.” சனிக்கிழமை வகுப்பில், பாகூர் மாணவரிடமே முதலில் இதைப் படிக்கக் கொடுக்கிறேன்.