இடமில்லாத சம்ப்பில் பாசித்திரை வைத்த அனுபவம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு அடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தாங்கும் அலமாரியின் நடுவே ஒரு கால் இருப்பதால், 60 செ.மீ. நீளமுள்ள சம்ப்பைத்தான் (மேல்தொட்டி நீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும் கீழ்த்தொட்டி) உள்ளே நுழைக்க முடிந்தது. வடிகட்டிப் பை, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் ஆகிய மூன்றும் அமர்ந்த பிறகு உள்ளங்கை அகலம்கூட மிஞ்சவில்லை. மீன்கள் பெருக்கப் பெருக்கத் தீனியும் கூடியது. தீனியாலும் கழிவாலும் சேரும் நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற அளவில் நின்றன, பவளங்கள் பழுப்படித்தன. ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 40 என்பது 32 ஆகும், அவ்வளவுதான். அடுத்த மாற்றத்திற்குள் தீனியே அதைப் பழைய இடத்திற்குக் கொண்டுவந்துவிடும்.

முதலில் ரிட்டர்ன் அறையிலேயே ஒரு கூடையில், இவற்றை உண்டு வளரும் சீட்டோ என்ற இழைப்பாசியை வளர்க்க முயன்றேன். பாசி மூழ்க வேண்டுமென்பதற்காக அந்த அறையின் நீர்மட்டத்தை நான்கு விரற்கடை உயர்த்தியதுதான் நான் செய்த தவறு. மின்சாரம் நின்றவுடன் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் நீரைத் தாங்குவதற்காகவே சம்ப்பில் காலியிடம் விடப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல; ஆசை அதை மறைத்துவிட்டது. ஒரு மே மாத இரவில் மின்தடை ஏற்பட்டபோது நாலைந்து லிட்டர் உப்புநீர் வழிந்து, அலமாரியின் அடிப்பலகை அப்பளம்போல உப்பியது. அந்தப் பலகை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், சம்ப்பின் விளிம்புக்கும் தொட்டியின் அடிப்பக்கத்துக்கும் இடையே ஒன்றேகால் அடி உயரம் வெறுமனே கிடப்பதைக் கவனித்தேன். நீருக்குள் இடம் தேடுவதை விட்டுவிட்டு, நீருக்கு மேலே பாசித்திரை ஒன்றை, அதாவது நீர் வழிந்தோட விளக்கொளியில் பாசி படரும் வலையை, தொங்கவிட்டேன். பூத்தையலுக்கு விற்கும் பிளாஸ்டிக் வலையை 10 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் வெட்டி, பாசியின் வேர்ப்பிடிப்புக்காக இருபுறமும் ரம்பப் பல்லால் நன்றாகச் சுரண்டினேன். மேல்தொட்டி நீர் சம்ப்புக்கு இறங்கும் வடிகுழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, அடியில் பிளவு வெட்டிய பி.வி.சி. குழாயில் வலையின் மேல்விளிம்பைச் செருகியதால் தனிப் பம்ப் தேவைப்படவில்லை. இந்த அகலத்திற்கு மணிக்கு 500 லிட்டருக்குச் சற்று மேல் நீர் வழிந்தால் திரை முழுதும் சீராக நனைகிறது. இருபக்கமும் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி, மேல்தொட்டி இருண்டிருக்கும் நேரத்தில் எரியும்படி அமைத்தேன், இரவில் நீரின் பி.எச். (அமில-கார அளவு) சரிவது ஓரளவு குறைந்தது.

முதல் மூன்று வாரங்கள் பழுப்புச் சளியைத் தவிர வேறொன்றும் படியவில்லை. ஐந்தாம் வாரத்தில் பச்சை மயிர்ப்பாசி பிடித்தது. அதன்பின் வாரம் ஒருமுறை திரையை உருவி, நல்ல தண்ணீரில் சுரண்டிப் பிழிந்தால், ஒரு பெரிய எலுமிச்சை அளவு உருண்டை கிடைக்கிறது. தொட்டியிலிருந்து வெளியேறும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அந்த உருண்டைக்குள்தான் இருக்கின்றன. நான்கு மாதங்களில் நைட்ரேட் 10-க்கு இறங்கியது. பாஸ்பேட் மட்டும் முதல் இரண்டு மாதங்கள் அசையவே இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பாறைகள் உறிஞ்சி வைத்திருந்ததை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கின்றன என்பது புரியாமல், நான் திரையையே சந்தேகித்தேன். இப்போது அது 0.08-இல் நிற்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பாசி குழாயின் பிளவுக்குள் ஏறி அடைத்துக்கொண்டு, நீரைப் பக்கவாட்டில் பீய்ச்சியடித்ததால், விளக்கின் ஒயரில் உப்பு பூத்திருந்தது. பிளவின்மேல் ஒளி படாதவாறு கறுப்பு ரப்பர்ப் பட்டையைச் சுற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி 1

எனக்கும் இதே அளவு சம்ப்தான். இடமே வேண்டாம் என்பதற்காக நான் வினிகர் ஊற்றும் முறைக்குப் போனேன். பாக்டீரியாக்கள் பெருகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்ணும், அவற்றை ஸ்கிம்மர் அள்ளிவிடும் என்பது சரிதான். ஆனால் பொறுமையின்றி ஒரே நாளில் அளவை இரட்டிப்பாக்கியதால், மாலைக்குள் நீர் கஞ்சித்தண்ணீர்போலக் கலங்கியது. பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிட, மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து நின்றன. விடியும்வரை காற்றுப் பம்ப்பை ஓட்டித்தான் அவற்றைக் காப்பாற்றினேன்.

மறுமொழி 2

நான் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒரு சிறு பையில் கட்டி ஸ்கிம்மர் அருகே போட்டேன். பாஸ்பேட் ஒரே வாரத்தில் அளவிட முடியாத அளவுக்கு விழுந்தது. மகிழ்ந்து முடிப்பதற்குள் அக்ரோபோரா பவளத்தின் கிளைகள் அடியிலிருந்து வெளுத்து உரிந்தன. இப்போது பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்குதான் போடுகிறேன். மின்தடையின்போது உங்கள் திரை காய்ந்துவிடாதா?

பதில்

காய்ந்துவிடும். கோடையில் இரண்டு மூன்று மணி நேரம் நனையாமல் இருந்தால் பாசி செத்து நாறத் தொடங்குகிறது. அப்படியே விட்டால் பிடித்ததையெல்லாம் நீரிலேயே திரும்ப விட்டுவிடும். ஆகவே ரிட்டர்ன் பம்ப்பை இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டேன், விளக்கை இணைக்கவில்லை. நனைந்திருந்தால் சில மணி நேர இருட்டைப் பாசி பொறுத்துக்கொள்கிறது.