அம்மா எலும்பு ரிப்போர்ட் வந்துருச்சு

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைங்க

ரேவதி, இரவு 8:41
எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, இப்பதான் பினாங்கு டிராஃபிக்ல மாட்டி வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு ஆஸ்டியோமலேசியாவாம். ஆஸ்டியோபோரோசிஸ் இல்ல, மலேசியா. நம்ம நாட்டு பேர வச்சிருக்காங்களேன்னு அம்மாவே சிரிச்சிட்டாங்க

சுந்தரம் மாமா, 8:44
ரெண்டும் ஒன்னுதானேமா, எலும்பு தேய்மானம்தானே. நம்ம கூட்டாளி ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கிறாரு, நல்லாத்தான் நடக்குறாரு. அக்காவுக்கும் அதையே போட்டுற வேண்டியதுதானே, எத்தன வெள்ளி ஆனாலும் நான் தரேன்

ரேவதி, 8:53
ஒன்னு இல்ல மாமா. டாக்டர் சொன்னத நான் எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஆஸ்டியோபோரோசிஸ்னா அது சுட்ட பானைதான், ஆனா சுவரு மெல்லிசாயிடுச்சு, விழுந்தா ஒடையும். அம்மாவோடது சூளைல வேகாத பச்ச மண் பானை. வடிவம் இருக்கு, இறுகவே இல்ல. கால்சியமும் பாஸ்பேட்டும் எலும்புல போய் படியணும், வைட்டமின் டி இல்லாததால படியல. அதனாலதான் சும்மா இருக்குறப்பவே வலி. போரோசிஸ்ல எலும்பு ஒடையிற வரைக்கும் பெரும்பாலும் வலியே இருக்காதாம்

கலா அத்தை, 8:55
எலும்பு அடர்த்தி ஸ்கேன்ல மைனஸ் 3.1ன்னு வந்துச்சே ரேவதி, மைனஸ் 2.5க்கு கீழ போனா ஆஸ்டியோபோரோசிஸ்ன்னு நீதானே அன்னைக்கு அனுப்புன?

ரேவதி, 8:57
ஆமா அத்தை, அதுலதான் நாங்களும் ஏமாந்தோம். அந்த ஸ்கேன் எலும்புல எவ்வளவு கால்சியம் இருக்குன்னு மட்டும்தான் காட்டும், ஏன் கொறஞ்சதுன்னு காட்டாது. ரெண்டு வியாதியிலயும் நம்பர் கீழதான் வரும்

மீனா, 9:02
அப்பா, ஊசி பேச்ச தயவுசெஞ்சு விடுங்க. எங்க ஃபார்மசில இத தினம் பாக்குறோம். அந்த ஊசி எலும்புலேர்ந்து கால்சியம் வெளிய வராம புடிச்சி வைக்கும். அத்தைக்கு ரத்தத்துலயே கால்சியம் கம்மி, வைட்டமின் டியும் இல்ல, இந்த நெலமல அத போட்டா கால்சியம் இன்னும் எறங்கி விரல் மரத்துப் போகும், கை கால் இழுத்துக்கும். அதனாலதான் போடுறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து பாக்குறது. அக்கா, டி எவ்வளவு வந்துச்சு?

ரேவதி, 9:04
18 nmol/L. 30க்கு கீழ இருந்தாலே ரொம்ப கம்மின்னாங்க. கால்சியம் 2.02 mmol/L, அதுவும் கம்மி. ரத்தத்துல கால்சியம் கொறஞ்சா எலும்புலேர்ந்து எடுக்க வைக்கிற பாராதைராய்டு ஹார்மோன் எகிறிப்போயிருக்கு

தினேஷ், 9:06
அக்கா எனக்கு புரியவே இல்ல, நான் லீவுல வரப்பலாம் அம்மாவ தினம் காலைல ஹால்ல ஜன்னலோரம் வெயில்லதானே உட்கார வச்சேன்

ரேவதி, 9:09
கண்ணாடி ஜன்னல்டா தம்பி. சூடு வரும், வைட்டமின் டி உண்டாக்குற கதிரு கண்ணாடிய தாண்டி வராதாம். நம்ம கருப்புத் தோலுக்கு வெளியில நின்னாலும் கூடுதல் நேரம் வேணும். நீ மனசுல போட்டுக்காத, நானும் தெனம் அங்கதான் துணி மடிச்சிக்கிட்டு கூட உட்கார்ந்திருந்தேன்

ரேவதி, 9:18
இன்னொரு காரணம் கேட்டுத்தான் எனக்கு வயிறு கலங்கிப் போச்சு. அம்மா 20 வருஷமா சாப்பிடுற வலிப்பு மாத்திர, ஃபெனிடோயின், அது ஈரல வேகமா வேலை செய்ய வச்சி இருக்குற வைட்டமின் டியையும் கரைச்சிடுமாம். யாருமே சொன்னதில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுப் பக்கத்து கிளினிக்ல எடுத்த ரிப்போர்ட்ட தேடி எடுத்தேன், அல்கலைன் பாஸ்பட்டேஸ்ங்கிற நொதி வரியில 240, அளவு கூடுதல்னு பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டிருக்கு. அப்ப ஈரல்னு நெனச்சு வயித்த ஸ்கேன் பண்ணாங்க, ஒன்னும் இல்லன்னு விட்டுட்டாங்க. அது எலும்புலேர்ந்தும் வருமாம், எலும்பு இறுக முடியாம தவிக்கிறப்ப ஏறுமாம். போன வாரம் 268. ரெண்டு வருஷம் அந்தத் தாளு அலமாரில சேலைக்கு அடியில கெடந்துச்சு

மீனா, 9:20
வலிப்பு மாத்திரைய மட்டும் பயந்து நிறுத்திடாதீங்க அக்கா, நரம்பு டாக்டர் சொல்லாம ஒரு வேளை கூட விடக்கூடாது

ரேவதி, 9:21
இல்ல இல்ல, அது அப்படியே போகுது, அவருக்கும் லெட்டர் குடுத்திருக்காங்க

கலா அத்தை, 9:24
அண்ணி போன வருஷமே கீழ உட்கார்ந்தா எழும்ப முடியல, வாத்து மாதிரி அசைஞ்சி அசைஞ்சி நடந்தாங்க. வயசாச்சுன்னு நாமளே சொல்லிச் சொல்லி விட்டுட்டோம்

ரேவதி, 9:31
அதேதான் அத்தை. அதுக்கு முந்தின தைப்பூசத்துல தண்ணீர்மலை 513 படியும் ஏறுனவங்க. இந்த வருஷம் பத்தாவது படியில கைப்பிடிய புடிச்சிக்கிட்டு நின்னுட்டாங்க, தொடைல பலமே இல்லன்னாங்க, நாங்க முட்டின்னு நெனச்சு தைலம் தேச்சோம். இந்த டாக்டர் வேற எதையும் பாக்குறதுக்கு முன்னாடி அம்மாவ கைய ஊனாம நாற்காலியிலேர்ந்து எழும்பச் சொன்னாங்க, முடியல. அப்புறம் முழங்காலுக்கு கீழ முன் எலும்ப கட்ட விரலால அழுத்துனாங்க, அம்மா கத்திட்டாங்க. எக்ஸ்ரேல இடுப்புப் பக்கம் தொட எலும்பு உள்பக்கமா மெல்லிசா ஒரு கோடு, முடி மாதிரி, அது பாதி விரிசலாம். முழுசா ஒடையிறதுக்கு முன்னாடி வந்தீங்கன்னாங்க

சுந்தரம் மாமா, 9:33
முருகா. இப்ப என்ன வைத்தியம்?

ரேவதி, 9:38
வைட்டமின் டி 50,000 யூனிட் வாரம் ஒன்னு, எட்டு வாரம், அப்புறம் தினமும் சின்ன அளவு. கால்சியம் மாத்திர சாப்பாட்டோட. வலி சில வாரத்துல கொறைய ஆரம்பிக்கும், எலும்பு இறுக மாசக்கணக்கு ஆகும். அந்த பாஸ்பட்டேஸ் மொதல்ல இன்னும் ஏறுனாலும் பயப்படாதீங்கன்னாங்க, எலும்பு வேலைய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தமாம். ரெண்டு மாசத்துல திரும்ப ரத்தம் எடுக்கணும்

கலா அத்தை, 9:40
அந்த 50,000 நானும் வாங்கி சாப்பிடலாமா மீனா? எனக்கும் ஒடம்பு வலிதான். கால்சியம் காலைல தைராய்டு மாத்திரையோட சேத்து போட்டுக்கிட்டுதான் இருக்கேன்

மீனா, 9:43
அம்மா!! ரெண்டையும் சேத்தா போடுறீங்க? கால்சியம் தைராய்டு மாத்திரைய ஒடம்புல சேர விடாது, நாலு மணி நேரம் இடைவெளி வேணும். நாளைலேர்ந்து தைராய்டு மட்டும் வெறும் வயித்துல, கால்சியம் மத்தியானம் சோத்தோட. 50,000 சும்மா வாங்கி சாப்பிடுறது இல்ல, அளவு மீறுனா கால்சியம் ஏறி வாந்தி வரும், கிட்னில கல்லு வரும். மொதல்ல ரத்தம் எடுங்க: கால்சியம், பாஸ்பேட், பாஸ்பட்டேஸ், கிட்னி, டி. தைராய்டையும் சேத்து பாக்கச் சொல்லுங்க, இத்தன நாளு அந்த மாத்திர சரியா சேர்ந்திருக்காது

அம்மா, 9:50
எல்லாரும் சாப்டீங்களா. கலா நீ போய் ரத்தம் குடு பயப்படாத. ரேவதி நெத்திலியும் கேவுரு மாவும் வாங்கியாந்து வச்சிருக்கா. அடுத்த தைப்பூசத்துக்கு ஏறலாமான்னு டாக்டர கேட்டேன் மொதல்ல அந்த கோடு மறையட்டும்னு சொல்லிட்டாங்க. இப்ப கைத்தடி புடிச்சிதான் பாத்ரூம் போறேன்

சுந்தரம் மாமா, 9:52
அக்கா நீ தனியா பாத்ரூம் போகாத, ரேவதிய கூப்பிடு. நாளைக்கு நான் வந்து உள்ள கைப்பிடி அடிச்சித் தரேன், அந்த வழுக்குற கால்மிதியையும் எடுத்துடுறேன்

சுந்தரம் மாமா, 9:53
கலா, செவ்வாய்க்கெழம கிளினிக். காலைல 7.30க்கு காடி எடுக்குறேன், ரத்தம் குடுத்துட்டு அங்கேயே பசியாறிக்கலாம். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்து வை