பசங்களுக்கு மரியாதை போயிடுச்சா, இல்ல நாமதான் அத தொலைச்சுட்டோமா?

பழையசாக்பீஸ்:

எல்லாருக்கும் வணக்கம். பதினேழு வருஷமா பதினொண்ணு பன்னெண்டு படிக்கற பசங்களுக்கு பாடம் எடுக்கறேன், கொஞ்ச நாளா ஒரு விஷயம் மண்டைய குடையுது, இங்க கேட்டா திட்டினாலும் நாலு பேர் யோசிச்சு பதில் சொல்லுவீங்கன்னுதான் எழுதறேன்.

நான் வேலைக்கு சேந்த புதுசுல "உக்காரு"ன்னா உக்காருவாங்க. இப்ப "ஏன் சார்?"ங்கறாங்க. அதுவும் சண்டைக்கு வர்ற மாதிரி இல்ல, மணி என்னன்னு கேக்கற மாதிரி சாதாரணமா. ஸ்கூல் மட்டும்னா விட்டுடலாம். போலீஸ், கோர்ட், எலெக்ஷன், பேப்பர், டாக்டர் எத பத்தி பேச்செடுத்தாலும் "எல்லாம் அப்படித்தான் சார்"னு ஒரு சிரிப்பு. கோவப்பட்டாகூட உக்காந்து பேசலாம், அந்த சிரிப்புக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

போன வாரம் ஒரு பையன் பெஞ்சுக்கு கீழ ஃபோன நோண்டிட்டு இருந்தான், வாங்கி மேஜைல வெச்சேன், ரூல் அது. பத்து நிமிஷம் கழிச்சு என் ஃபோன் அடிச்சுது, வீட்டுலேந்து, கதவுகிட்ட போய் ரெண்டு நிமிஷம் பேசிட்டு வந்தேன். அவன் ஒண்ணுமே சொல்லல. சுவத்துல ஒட்டியிருந்த "கைபேசி அனுமதி இல்லை"ய பாத்தான், அப்புறம் என்ன பாத்தான். நானா "அவசரம்டா"ன்னேன். "நான் ஒண்ணும் கேக்கலையே சார்"னான்.

இது ஏன் இப்படி ஆச்சு? வளர்ப்பா, ஃபோனா, இல்ல நாங்களா?

---

முறைப்படி:

ஃபோனும் செல்லமும்தான் சார், வேற ஒண்ணுமில்ல. எங்க காலத்துல வாத்தியார் எதிர்ல வந்தா சைக்கிள்லேந்து இறங்குவோம். இப்ப அஞ்சு வயசுலயே குழந்தைகிட்ட "உனக்கு என்ன வேணும் கண்ணு"ன்னு ஓட்டெடுப்பு நடத்தறாங்க, அப்புறம் பதினேழு வயசுல அடங்கலன்னா எப்படி. சாக்ரடீஸே அப்பவே சொல்லியிருக்கார், இந்த காலத்து பசங்க சொகுசுக்கு பழகிட்டாங்க, பெரியவங்கள மதிக்க மாட்டேங்கறாங்கன்னு.

---

அரைகுறைவாசிப்பு:

முறைப்படி அண்ணே, கோச்சுக்காதீங்க, அந்த சாக்ரடீஸ் வசனம் சாக்ரடீஸ் சொன்னதே இல்ல. 1907ல வெளிவந்த கென்னத் ஜான் ஃப்ரீமன்ங்கற கேம்பிரிட்ஜ் ஆளோட ஆய்வுல, பழைய கிரேக்கத்துல சின்னவங்கள பத்தி என்னென்ன குறை சொன்னாங்கன்னு அவரு தன் வார்த்தைல தொகுத்து எழுதினது அது. அப்புறம் யாரோ சாக்ரடீஸ் பேர ஒட்டி விட்டுட்டாங்க. பெரியவங்க சொன்னத சரிபாக்காம நம்பினதால வந்த வினை, இந்த திரிக்கு பொருத்தமாத்தான் இருக்கு :)

சார் கேட்டதுக்கு வர்றேன். மிட்டாய் சோதனை கேள்விப்பட்டிருப்பீங்க, குழந்தை முன்னாடி ஒரு மிட்டாய வெச்சு, இப்ப தின்னா ஒண்ணு, நான் திரும்பி வர்ற வரை காத்திருந்தா ரெண்டுன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. பொறுமை இருக்கற பிள்ளை இல்லாத பிள்ளைன்னு பிரிக்க இதத்தான் ரொம்ப நாள் எல்லாரும் காட்டினாங்க. அமெரிக்கால ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல செலஸ்ட் கிட்டுங்கற ஆய்வாளரும் அவங்க கூட இருந்தவங்களும் இதயே கொஞ்சம் மாத்தி செஞ்சாங்க, 2013ல வந்துச்சு. மொத்தம் 28 குழந்தைங்க. மிட்டாய்க்கு முன்னாடி பழைய கிரேயான் கொடுத்து, "கொஞ்சம் பொறு, இதவிட நல்லது எடுத்துட்டு வரேன்"னு சொன்னாங்க. பாதி பேருக்கு சொன்ன மாதிரி கொண்டு வந்தாங்க, மீதி பாதிக்கு "சாரி, இல்லையாம், இதயே வெச்சுக்கோ"ன்னுட்டாங்க. ஸ்டிக்கர வெச்சு இன்னொரு தடவையும் அதே கதை. அதுக்கப்புறம்தான் மிட்டாய்.

வாக்கு காப்பாத்தின ஆள்கிட்ட இருந்த 14 பேர்ல 9 பேர் முழு 15 நிமிஷமும் தொடாம உக்காந்திருந்தாங்க. ஏமாத்தின ஆள்கிட்ட இருந்த 14 பேர்ல ஒரே ஒரு குழந்தை. சின்ன சோதனைதான், இத வெச்சு உலகத்தையே எடை போட முடியாது. ஆனா மூணுலேந்து அஞ்சு வயசு குழந்தை ரெண்டே தடவைல இந்த ஆள நம்பலாமா கூடாதான்னு கணக்கு போட்டுடுது. வெளிலேந்து பாக்கறவங்களுக்கு அது "பொறுமை இல்லாத பிள்ள". உங்க பையன் சுவத்த பாத்தான் பாருங்க, அதே கணக்குதான்.

---

மூணாம்கவுன்ட்டர்:

நான் ஒரு ஆபீஸ்ல கவுன்ட்டர்ல உக்காந்திருக்கேன், எங்க ஆபீஸ் எங்கன்னு வேணாம். எல்லாரும் பசங்க பக்கம் பேசறீங்க, கண்ணாடிக்கு இந்த பக்கம் என்னன்னும் கேளுங்க. சான்றிதழ் கேட்டு வர்ற சின்ன வயசு ஆளுங்க நான் வாய திறக்கறதுக்கு முன்னாடியே ரெக்கார்டிங் ஆன் பண்ணிடறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்? எனக்கு முன்னாடி எவனோ பண்ண தப்புக்கு நான் திட்டு வாங்கறேன்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். முன்னல்லாம் பேப்பர் குறைஞ்சா "இல்ல, போயிட்டு அப்புறம் வாங்க"ன்னு ஃபார்ம தள்ளி விடுவேன், கூட்டம் அப்படி. ஒரு நாள் தொண்டை சரியில்ல, கத்த முடியல, அதனால எந்த பேப்பர் இல்ல, எங்க வாங்கணும், ஏன் கேக்கறோம்னு துண்டு சீட்டுல எழுதி கொடுத்தேன். வேலை அன்னிக்கும் முடியல, திருப்பித்தான் அனுப்பினேன், ஆனா சண்டை இல்ல, சில பேர் தேங்க்ஸ்கூட சொன்னாங்க. அன்னிலேந்து துண்டு சீட்டுதான். எல்லாரும் மாறிட்டாங்கன்னு நினைக்காதீங்க, நேத்துகூட ஒருத்தன் திட்டிட்டுத்தான் போனான்.

---

அரைகுறைவாசிப்பு:

அக்கா இதுக்கு படிச்சவங்க வெச்சிருக்கற பேரு நடைமுறை நியாயம். 1980கள்ல டாம் டைலர்ங்கற ஆய்வாளர் சிகாகோல 1,575 பேர பேட்டி எடுத்தார், போலீஸ் கோர்ட் பத்தியும், அங்க போனவங்களோட அனுபவத்த பத்தியும். தீர்ப்பு நமக்கு சாதகமாங்கறதவிட, நான் சொன்னத காது கொடுத்து கேட்டாங்களா, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துக்கிட்டாங்களா, மனுஷனா மதிச்சாங்களாங்கறதுதான் அந்த அமைப்பு மேல மதிப்பு வர்றதுக்கு பெருசா வேலை செஞ்சுது. நீங்க தொண்டை வலில கண்டுபிடிச்சுட்டீங்க.

---

இருபதுநடக்குது:

எனக்கு வயசு இருபது, இந்த திரில பேசப்படற "பசங்க"ல நானும் ஒருத்தி. நாங்க யாரயும் மதிக்கலைன்னு சொல்றது தப்பு, பதவிய மட்டும் பாத்து மதிக்க மாட்டோம், அவ்ளோதான். 2003ல ஈராக்ல பேரழிவு ஆயுதம் இருக்குன்னு அமெரிக்கா போருக்கு போச்சு, போய் தேடினா அந்த கையிருப்பு இல்ல. அமெரிக்கால டஸ்கேகீன்னு ஒரு இடத்துல 1932லேந்து 1972 வரை, சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆளுங்களுக்கு, அத குணப்படுத்தற பென்சிலின் வந்தப்புறமும் வைத்தியம் பண்ணாம நோய் எப்படி முத்துதுன்னு வேடிக்கை பாத்தாங்க, பண்ணது அரசோட சுகாதாரத்துறை. முன்னாடி இதெல்லாம் தெரிய நாப்பது வருஷம் ஆச்சு, எங்களுக்கு சாப்பிட்டு கை கழுவறதுக்குள்ள ஃபோன்ல வந்துடுது. தெரிஞ்சப்புறமும் கண்ண மூடிட்டு நம்புன்னா எப்படி?

---

முறைப்படி:

சாக்ரடீஸ் விஷயம் தப்புதான், ஒத்துக்கறேன், வாட்ஸப்புல வந்தது. ஆனா தங்கச்சி, டஸ்கேகீ எப்படி வெளில வந்துச்சுன்னும் சேத்து படி. அதே சுகாதாரத்துறைல வேலை பாத்த பீட்டர் பக்ஸ்டன் உள்ளுக்குள்ளயே வருஷக்கணக்கா எழுதி எழுதி பாத்து, கேக்கலன்னதும் பத்திரிகைக்கு கொடுத்தாரு, 1972ல அசோசியேட்டட் பிரஸ்ங்கற செய்தி நிறுவனம் போட்டுச்சு, அப்புறம்தான் நிறுத்தினாங்க. துறைக்குள்ள ஒரு ஆளு, வெளில ஒரு பத்திரிகை. "எல்லாம் அப்படித்தான்"னு அவரும் சிரிச்சுட்டு போயிருந்தா? சார் சொல்ற அந்த சிரிப்பு எனக்கும் பிடிக்கல. கேள்வி கேளுங்க, ஆயிரம் கேளுங்க. சிரிச்சுட்டு போறது கேள்வி இல்ல, சோம்பேறித்தனம்.

---

இருபதுநடக்குது:

சரி அண்ணா, அது நியாயம். ஆனா பக்ஸ்டன் மொதல் தடவை எழுதினது 1966ல. ஆறு வருஷம் யாரும் கேக்கல. அந்த ஆறு வருஷத்துல சிரிச்சவங்கள நான் திட்ட மாட்டேன்.

---

பழையசாக்பீஸ்:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். அந்த துண்டு சீட்டு விஷயம் மனசுல நின்னுடுச்சு. நேத்து அதே கிளாஸ், உள்ள போனதும் பசங்க ஃபோன் போடற அட்டைப்பெட்டில என் ஃபோனயும் போட்டேன், அவசரம்னா ஆபீஸ் ரூமுக்கு பண்ண சொல்லி வீட்டுல சொல்லிட்டேன், அன்னிக்கு நான் பேசினது தப்புன்னும் சொன்னேன். யாரும் கை தட்டல, நான் எதிர்பாக்கவும் இல்ல. அவன் மட்டும் எழுந்து "சார், சைலன்ட்ல போட்டீங்களா?"ன்னான். கிளாஸே சிரிச்சுது, நானும்தான். போடல, திரும்பப்போய் எடுத்து போட்டேன். அது கிண்டலா என்னன்னு இன்னும் புரியல.