மறு: மறு: ‘ஸ்டெபிலிட்டி’ – உறுதியா, நிலைப்பா?

மட்டக்களப்பிலிருந்து:
தாதியர் வகுப்புக்கான குருதிப் பதிலி (இரத்தத்துக்குப் பதிலாக ஏற்றும் திரவம்) பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதற்காகச் செங்குழியத்தை விட்டு வெளியே எடுத்த ஈமோகுளோபின் (ஒட்சிசனைக் காவும் புரதம்) இரண்டு விதமாகக் கெடும். அதன் நான்கு புரதச் சங்கிலிகளும் இரண்டிரண்டாகப் பிரிந்து சிறுநீரகத்தால் வடிந்து போகும். அதிலுள்ள பெரசு இரும்பு ஒட்சியேறி, அதாவது ஓர் இலத்திரனை இழந்து, பெரிக்காகி ஒட்சிசனைக் காவாது. இரண்டையும் தாங்குவதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல், ஸ்டெபிலிட்டி. பாடநூல்ப் பழக்கப்படி ‘உறுதி’ போடலாமா?

கல்முனையிலிருந்து:
காணி உறுதியா மிஸ்? உறுதி என்டா எங்கட சனம் காணிப் பத்திரம் எழுதுற நொத்தாரிசைத்தான் நினைக்கும். ‘நிலைப்பு’ போடுங்க.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
அவசரம் வேண்டாம். ‘உறு’ தொல்காப்பிய உரியியலில் தவ, நனியோடு நின்று மிகுதிப் பொருள் தருவது. மறதி, கெடுதி போல ‘தி’ விகுதி ஏற்று உறுதி ஆயிற்று. ‘நிலைப்பு’ வெறும் நிற்றல். துருப்பிடித்த ஆணியும் சுவரில் நிலைத்துத்தான் நிற்கிறது. அதைவிட, ‘பதிலி’யைத் தூக்குங்கள். பதில் அறபுவழி வந்தது. ‘குருதியீடு’ என்க.

கல்முனையிலிருந்து:
அறபு என்டாப்போல என்ன சேர், நாங்களும் இஞ்சதானே இருக்கம்!

சென்னையிலிருந்து:
ஈடு என்றால் இங்கே அடகு, நஷ்டஈடு. ‘ஒட்சிசன்’ என்பதையும் ஆக்சிஜன் என்று மாற்றினால் நலம்.

அம்பாறையிலிருந்து (ஆய்வுகூடம்):
ஒட்சிசன் சண்டையைப் பிறகு வைப்பம். உடலுக்குள்ளேயே ஈமோகுளோபின் நாளுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் தானாக ஒட்சியேறுது. செங்குழியத்தில் நொதியம் இருப்பதால் திரும்பப் பெரசாகத் தாழ்த்தப்படுது. வெளியே வந்ததுக்கு அந்தத் துணை இல்லை. சங்கிலிகளை இரசாயனத்தால் குறுக்கே பிணைத்தால் அவை பிரியாது, ஆனால் இரும்பு ஒட்சியேறுறது அதால நிற்காது. 2001இல் தென்னாபிரிக்காவில் அனுமதி பெற்ற ஹீமோபியூர் என்ற குருதிப் பதிலி மாட்டு ஈமோகுளோபின். குளுட்டரல்டிகைட்டு என்ற இரசாயனத்தால் பிணைத்து, ஒட்சியேறாதிருக்க ஒட்சிசனை நீக்கிப் பொதிசெய்தது. அறை வெப்பநிலையில் 3 வருடம் இருக்கும். குளிரில் வைத்த செங்குழியத்துக்குக் கூடியது 42 நாள். ஒரு சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால் பிள்ளைகள், பிணைத்தாச்சு, இனிக் கெடாது என்டு நினைப்பாங்க. ‘பிரியாமை’, ‘ஒட்சியேறாமை’ என்று இரண்டாக எழுதுங்க.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
எதிர்மறைத் தொழிற்பெயரில் கலைச்சொல்லா? கையேடு முழுக்க ஆமை ஊரும்.

கல்முனையிலிருந்து:
ஊரட்டும் சேர். மிஸ், மாட்டுடையது என்டதைப் பெரிசாப் போடுங்க. ஏத்த முதல் எங்கட ஆக்களும் கேப்பாங்க, பக்கத்துக் கட்டில் சைவக்காரரும் கேப்பாங்க.

மட்டக்களப்பிலிருந்து:
அனுப்பியாச்சு. தலைப்பில் உறுதி, உள்ளே இரண்டு ஆமையும். மாடு முதற்பக்கத்தில். ‘பதிலி’ இருக்கட்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
என் எதிர்ப்பைப் பதிவு செய்க. ‘குருதியீடு’ பற்றிச் சென்னையைத் தவிர ஒருவரும் பதில் எழுதவில்லை.