"கல்யாணத்துல இன்ட்ரஸ்ட் இல்ல" என்கிற நீலகிரி மலைத் தம்பிகள்: உங்கள் அனுபவம் என்ன?

கோத்தகிரி அக்கா:
எங்க ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல, முப்பது தாண்டியும் கல்யாணம் பண்ணாத பசங்க பெருகிட்டாங்க. கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்: "இன்ட்ரஸ்ட் இல்லக்கா." ஜனவரியில எங்க தெய்வம் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குப் பேரகணியில சொந்தமெல்லாம் கூடினப்போ, பெரியம்மா, அத்தைன்னு ஆளாளுக்குப் பேச்செடுக்கவும் ஒரு தம்பி சாப்பிடாமலே கிளம்பிட்டான். வழிமறிச்சுப் பேசினேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை. 2023 செப்டம்பர்ல கிலோ கொழுந்துக்கு 33.50 ரூபாய் கேட்டு நட்டக்கல்ல உண்ணாவிரதம் நடந்தப்போ அவனும் போய் உட்கார்ந்திருக்கான். "விலை மாசாமாசம் மாறுது. எந்த மாச விலையை நம்பிக்கா ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வர்றது?"ன்னான். படுகர் வழக்கத்துல வரதட்சணையே கிடையாது. அப்படியும் பையன் தயங்குறான்னா, கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற மாசங்களை நினைச்சுத்தான்.

குன்னூர்ப் பொண்ணு (இப்போ கோவையில்):
என்னைப் பார்க்க வந்தவர் டூரிஸ்ட் வேன் ஓட்டறவர். தனியா பேச விட்டாங்க. உட்கார்ந்ததுமே, "நீங்களே பிடிக்கலைன்னு சொல்லிடுங்களேன்"னார். எனக்குச் சுருக்குன்னு கோபம். ஏன்னு கேட்டேன். ஏப்ரல், மே சீசன்ல ஓடினா உண்டு, ஜூன்ல மழை பிடிச்சா வண்டி நின்னுடுமாம். முன்னாடி ஒரு இடம் பேசி முடிஞ்சு, "கோவையில வீடு பாருங்க"ன்னு பொண்ணு வீட்ல கேட்டதோட நின்னு போச்சாம். அம்மாவைத் தனியா விட்டுட்டுக் கீழே இறங்க அவரால முடியாது. மறுபடி அதே பதிலைக் கேட்கிற தெம்பு இல்லன்னு நேராவே சொன்னார். என் வேலை கோவையில, நானும் மலையேறி வர முடியாது. அதையும் அவர்கிட்ட சொன்னேன். இதுல அவர் மேல என்ன தப்பு, என் மேல என்ன தப்பு? பொண்ணுங்களுக்குப் பேராசைன்னு எழுதறவங்க தயவுசெஞ்சு யோசிச்சு எழுதுங்க. அவ்வளவு மரியாதையா என்கிட்ட பேசின மாப்பிள்ளை வேற யாரும் இல்ல.

ஊட்டி ஆசிரியர்:
பொண்ணு பற்றாக்குறைதான் காரணம்னு சிலர் சொல்றாங்க. ஹரியானாவுக்கு அது சரி. 2011 கணக்கெடுப்புல அங்கே 1000 ஆண்களுக்கு 879 பெண்கள். நீலகிரியில 1042! ஜப்பான்ல 2020 கணக்குப்படி ஐம்பது வயசு வரைக்கும் ஒரு தடவைகூடக் கல்யாணம் ஆகாத ஆண்கள் ஏறக்குறைய 28 சதவீதம். அங்கேயும் நிரந்தர வேலை இல்லாத ஆண்கள்கிட்டதான் இது கூடுதல். நிஜமாவே தனியா இருக்க விரும்பற பையனும் உண்டு. என் அக்கா மகனே அப்படித்தான், நிம்மதியா இருக்கான். அவங்களை நச்சரிக்காதீங்க.

கூடலூர்க்காரன்:
நீங்க பேசற தம்பிகள்ல நானும் ஒருத்தன், வயசு 34. சிலோன் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல அங்கிருந்து வந்த குடும்பம். அப்பா ரிட்டயர் ஆனதும் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுக்கிற லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இப்போ இருக்கிறது பிரிவு 17 நிலம். 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தோட 17-வது பிரிவுல சிக்கி, யாருக்குச் சொந்தம்னு தீராம கிடக்கிற இடம், பட்டாவும் இல்ல, கரண்ட்டும் இல்ல. ஒரு தடவை பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க. டீ குடிச்சுக்கிட்டே பொண்ணோட மாமா சுவர்ல சுவிட்ச் போர்டைத் தேடினார். அப்புறம் தகவலே இல்ல. திருப்பூர்ல வேலை பார்த்தப்போ ஒரு பொண்ணுமேல ரொம்பப் பிரியமா இருந்தேன். அவ என் வீட்டு விலாசம் கேட்ட அன்னைக்கு நானாவே விலகிட்டேன்.

வீடு இல்லன்னு சொன்னா பாவம் பார்ப்பாங்க. இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொன்னா கேள்வி அதோட முடிஞ்சிடும், அதான் அப்படிச் சொல்றேன். பட்டா வந்தா கல்யாணத்தைப் பத்தி யோசிப்பியான்னு கேட்டா, யோசிப்பேன்.